தேர்ந்தபின் உரைத்தல்: சிலம்பின் தீர்ப்பும் திரியாய்க் கல்வெட்டும்

தமிழிலக்கியத்திலே சினம் பற்றியும் பொறுமை பற்றியும் பேசும் இடங்கள் மிகப் பல. ஆயினும், அவ்விடங்களை விளக்கவந்த நம் திறனாய்வாளர் பெரும்பாலும் அவற்றைத் தனிமனிதரின் குணத்தின்பாற்பட்டனவாகவே நோக்கி வந்துள்ளனர். பொறுமையுடையவன் நல்லோன், பதறுபவன் குறையுடையோன் என்ற அளவிலே ஆராய்ச்சி நின்றுவிடுகின்றது. இதனால் வேறொரு வினா கேட்கப்படாமலே போகின்றது. ஒருவன் தன் தொழிலைச் செய்யுமிடத்து, அதாவது தீர்ப்புக் கூறும் மன்றிலும் கட்டளை பிறக்கும் அலுவலகத்திலும் ஆய்வு மேசையிலும், பதற்றம் எவ்வழியாக நுழைகின்றது? அதனை எது தடுக்கும்? இவ்வினாவை முன்வைத்து இரண்டு இடங்களை இக்கட்டுரை நோக்குகின்றது. ஒன்று, சிலப்பதிகாரத்துப் பாண்டியன் தீர்ப்பு. மற்றையது, திருகோணமலைக்கு வடக்கே திரியாயிலுள்ள ஒரு கல்வெட்டும் அதனைப் படித்தோர், படிக்காதோர் ஆகிய இருசாராரின் செயல்களும். ஒன்று காவியம், மற்றையது வரலாறு; எனினும் இரண்டிலும் எழும் வினா ஒன்றே என்பது பின்னர்ப் புலப்படும்.

முதலிலே திருக்குறளின் அமைப்பு ஒன்றை மனங்கொள்ளுதல் வேண்டும். வெகுளாமை என்னும் அதிகாரம் அறத்துப்பாலிலே துறவறவியலில் வைக்கப்பட்டுள்ளது. அது 31ஆம் அதிகாரம். தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்பன பொருட்பாலிலே அரசியலில் 47 முதல் 52 வரை தொடர்ந்து வருகின்றன. இவ்வைப்புமுறை தற்செயலானது எனக் கொள்ளுதல் அரிது. சினத்தை வெல்லுதல் உள்ளத்தைப் பற்றிய நோன்பு. ஆராய்ந்து செய்தல் தொழிலைப் பற்றிய முறை. முன்னது கைகூடாதவனும் பின்னதைக் கைக்கொள்ளலாம், கைக்கொள்ளவும் வேண்டும். அரசனைத் துறவியாக்கிய பின்னரே அவனிடம் நீதி கேட்கலாம் என வள்ளுவர் கூறவில்லை. எதை முதலிற் பார்ப்பது, எதை எண்ணிய பின் எதைத் துணிவது, யாரை எச்சோதனையின் பின் நம்புவது என்னும் ஒழுங்கையே அவர் ஆறு அதிகாரங்களில் வகுத்துக் காட்டுகின்றார்.

இவ்வேறுபாட்டை உளங்கொண்டு சிலப்பதிகாரத்தை நோக்குவோம். பாண்டியன் நெடுஞ்செழியனின் தவறு பற்றி நிலவும் விளக்கங்கள் இரண்டு. ஒன்று ஊழ்வினை, மற்றொன்று அவனது அவசர குணம். முதலாவதற்கு நூலிலேயே ஆதாரம் உண்டு. வினை பயன் தரும் காலம் வந்தமையை இளங்கோவடிகள் வெளிப்படையாகவே கூறுகின்றார். ஆயின், கொலைக்களக் காதையைக் கூர்ந்து நோக்குமிடத்து, ஊழ் எவ்வழியாகச் செயற்பட்டது என்பதையும் அவர் படிப்படியாகக் காட்டியுள்ளமை தெரியவரும். பொற்கொல்லன் அரசனைச் சந்திப்பது அரசவையிலன்று. தேவி ஊடி அகன்றமையால் அவளைத் தெளிவிக்க அந்தப்புரம் நோக்கி அரசன் செல்லும் வழியிலே அவன் வந்து வீழ்கின்றான். அரசனின் மனம் ஓரிடத்தில், வழக்கு மற்றோரிடத்தில். அமைச்சர் இல்லை, அறங்கூறு அவையத்தார் இல்லை. அங்கே பிறந்த கட்டளை ஒரு நிபந்தனையோடு கூடியது: தேவியின் சிலம்பு அக்கள்வன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவருக என்பது. கேட்பதற்கு இது ஆராய்ச்சி போலவே தோன்றும். ஆனால் அவன் கையிலுள்ளது தேவியின் சிலம்புதான் என்று துணிவது யார்? குற்றஞ்சாட்டிய பொற்கொல்லனே. அவனே உண்மைக் கள்வனுமாவான். சோதனை செய்யும் பொறுப்பு வழக்குத் தொடுத்தவனிடமே விடப்பட்டுவிட்டது.

அடுத்து வரும் காட்சி தொழிலுலகை அறிந்தோர் அனைவருக்கும் பழக்கமானது. கோவலனைக் கண்ட காவலர் உடனே வாளெடுக்கவில்லை. இவன் கொலைத் தண்டனைக்குரியவன் போலத் தோன்றவில்லையே என்று அவர்களுள் ஐயம் பிறக்கின்றது. அவ்வையத்தைப் பொற்கொல்லன் நகையாடுகின்றான். கள்வர் கைக்கொள்ளும் துணைகள் எட்டினையும் நூலறிவோடு விரித்துரைக்கின்றான். காவலருள் இளையோன் ஒருவன், மழையிருளிலே தன் வாளையே பறித்துச் சென்ற கள்வனொருவனின் கதையைச் சொல்லி அச்சத்தை வளர்க்கின்றான். இனி என் செய்வது, அரசனின் தண்டனைக்கு நாம் ஆளாவோமே என்ற கலக்கம் எழுகின்றது. அந்நேரத்திலே கல்வியறிவற்ற களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகின்றான். ஐயம் இருந்தது, ஐயத்தை எடுத்துரைக்கும் வாயும் இருந்தது, அதனை அரசனிடம் மீளக் கொண்டுசெல்லும் வழி மாத்திரம் இருக்கவில்லை. வழியற்ற ஐயம் அச்சமாகத் திரிகின்றது. அச்சம் முற்றிய கூட்டத்திலே, சிந்தியாதவன் ஒருவனின் கை அனைவரின் கையுமாகிவிடுகின்றது.

இனி வழக்குரை காதைக்கு வருவோம். அதே நாள், அதே அரசன், அதே சிலம்பு. கண்ணகி வாயிலில் நிற்பது கேட்டு உள்ளே வரவிடுகின்றான், யாரென வினவுகின்றான், அவள் கூறுவதை முழுதும் கேட்கின்றான். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என அவள் கூற, தேவியின் சிலம்பின் பரல் முத்து எனத் தானும் கூறி, கைப்பற்றிய சிலம்பைத் தருவித்து முன்வைக்கின்றான். சோதனை ஒரு கணத்தில் முடிகின்றது. இங்கே அவனிடம் நாம் காண்பது குறையற்ற விசாரணை முறை. இரு தரப்பும் உரைக்கின்றன, பொருள் முன்வைக்கப்படுகின்றது, வேறுபடுத்தும் அடையாளம் முன்கூட்டியே இருசாராராலும் ஒப்புக்கொள்ளப்படுகின்றது, முடிவு தனக்கெதிராக வந்தபோதும் அரசன் மறுக்கவில்லை. இவன் இயல்பாகவே பதறுபவனாயின் இக்காட்சி நிகழ்ந்திராது. ஆகவே, அவனது பிழை குணக்குறையன்று, பணிமுறையின் குறை. சிலம்பை உடைத்துப் பரல் பார்ப்பதற்கு வேண்டிய அறிவும் ஆற்றலும் அவனிடம் காலையிலும் இருந்தன. அவன் செய்ததெல்லாம், தீர்ப்பை முன்னரும் சோதனையைப் பின்னரும் வைத்தமையே. சான்று இல்லாமையாற் கோவலன் இறக்கவில்லை. சான்று பார்க்கப்படும் வரிசை புரண்டமையால் இறந்தான்.

இவ்வரிசைப் பிறழ்ச்சி மன்னர்க்கே உரியதன்று. நூலையும் கல்லையும் படிப்பவரும் ஒருவகையில் தீர்ப்புக் கூறுபவரே. அவர்தம் தீர்ப்பினால் மனிதர் துன்புறுதலும் உண்டு. இதற்கு நம் கிழக்கு மாகாணத்திலேயே உள்ள சான்று திரியாய்.

திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை செல்லும் வழியிலே, குச்சவெளிக்கு அப்பால், கடலுக்கும் வயல்களுக்கும் இடையே அமைந்த பழந்தமிழ்க் கிராமம் திரியாய். அதனருகேயுள்ள சிறு குன்றின்மீது, கற்றூண்கள் வட்டமாகச் சூழ்ந்து நிற்க, பௌத்த தாதுகோபம் ஒன்றின் எச்சங்கள் உள்ளன. இன்று கிரிகண்டு சேய எனப் பெயர் பெறுவது இதுவே. குன்றின் பாறையிலே வெட்டப்பட்ட கல்வெட்டொன்று கி.பி. 7ஆம், 8ஆம் நூற்றாண்டளவினது எனக் கொள்ளப்படுகின்றது. இதனை ஆராய்ந்து இலங்கைக் கல்வெட்டுத் தொகுதியான எபிகிராபியா சிலனிக்காவின் நான்காந் தொகுதியிலே வெளியிட்டவர் செனரத் பரணவிதான.

இக்கல்வெட்டைப் பற்றி எழும் உடனடிக் கூற்றுகள் இருவகைப்படும். பௌத்தச் சின்னமாதலின் இது சிங்களவருடையது, எனவே சூழவுள்ள நிலமும் அவர்க்குரியது என்பது ஒன்று. எழுத்து பல்லவ கிரந்தமாதலின் இது தமிழருடையது, எனவே பிறர்க்கு இங்கு உரிமையில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றையொன்று எதிர்ப்பன போலத் தோன்றினும் கட்டமைப்பிலே ஒரே வகையின. இரண்டும் கல்லின் ஓர் அடையாளத்தை மட்டும் எடுத்து, மற்றையவற்றைப் பாராது, யாருடையது என்ற வினாவிற்கு விடை கூறிவிடுகின்றன. என்ன எழுதப்பட்டுள்ளது என்ற வினா கேட்கப்படுவதே இல்லை.

கல்வெட்டு கூறுவதோ இருசாராரின் எதிர்பார்ப்புக்கும் அடங்காதது. அதன் மொழி சிங்களமுமன்று, தமிழுமன்று, சமஸ்கிருதம். அதன் எழுத்து தென்னிந்தியக் கிரந்தம். அதன் சமயம் பௌத்தமே. ஆயின் தேரவாதம் என்ற வரையறைக்குள் அடங்காது, அவலோகிதேசுவரரையும் மஞ்சுசிறீயையும் போற்றும் மகாயானச் சார்புடையது. கிரிகண்டி சைத்தியம் என அது குறிக்கும் இவ்வழிபாட்டிடத்தை அமைத்தவர் வணிகர். கடலோட்டத்திலும் கொள்வனவு விற்பனவிலும் வல்லவர். அண்மையிலுள்ள குச்சவெளியிலும் சமஸ்கிருதத்தில் அமைந்த பௌத்தப் பாறைக் கல்வெட்டொன்று உண்டு. இரண்டையும் ஒருங்கே நோக்கும்போது, இக்கரையோரம் வங்காள விரிகுடா வணிகத்தின் ஒரு துறையாக விளங்கிற்று எனக் கருத இடமேற்படுகின்றது.

இன்னொன்றும் நோக்கற்பாலது. புத்தர் ஞானம் பெற்றபின் அவருக்கு முதன்முதல் உணவளித்துக் கேசதாதுவைப் பெற்றவர்கள் தபுஸ்ஸன், பல்லிகன் என்னும் வணிகர் இருவர் என்பது பௌத்த மரபு. அவ்விருவரே திரியாய்த் தாதுகோபத்தை எழுப்பினர் என்பர். மியன்மாரின் சுவேதகொன் தாதுகோபமும் அவ்விருவரோடு தொடர்புபடுத்தப்படுகின்றது. 7ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி யுவான் சுவாங், நடு ஆசியாவின் பல்க் நகருக்கு அருகே அவர்களது தாதுகோபங்கள் இருந்தனவாகக் குறித்துள்ளார். மூவிடத்தார் உரிமை கோரும்போது இவையெல்லாம் பொய் என ஒதுக்குதல் எளிது. எங்களுடையதே மெய் எனச் சாதித்தல் அதனினும் எளிது. நிதானமாக நோக்குபவர் கல்வெட்டிலே ஒரு நுட்பத்தைக் காண்பர். மரபு கூறுவது இரு வணிகரை. கல்வெட்டோ அப்பெயர்களைப் பன்மையிலே, வணிகர் கூட்டங்களுக்குரியனவாகக் கூறுகின்றது. கடல்வழியும் தரைவழியும் சென்ற பௌத்த வணிகர், புத்தரின் முதல் அடியாராகிய அவ்வணிகரின் பெயரைத் தமக்குச் சூட்டிப் பெருமை கொண்டிருத்தல் கூடும். அவ்வாறாயின், ஒரே கதை பல துறைகளில் வேரூன்றியமைக்கும் விளக்கம் கிடைக்கின்றது. ஓர் எழுத்தின் பன்மை விகுதியைப் பொருட்படுத்தியமையால் கிடைக்கும் வரலாறு இது. யாருடையது என்று கூவியவர் இதனை இழந்துவிட்டனர்.

இவ்விடத்து, திருகோணமலை மாவட்டத்திலேயே பெரியகுளத்தருகே உள்ள வெல்கம் விகாரையையும் நினைத்தல் தகும். சோழராட்சிக் காலத்திலே இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்ற அப்பௌத்தப் பள்ளிக்கு அளிக்கப்பட்ட கொடைகள் தமிழ்க் கல்வெட்டுகளிற் பதிவாகியுள்ளன. பௌத்தம் என்றால் சிங்களம், தமிழ் என்றால் சைவம் என்ற இரு சமன்பாடுகளையும் அக்கற்கள் ஒருங்கே உடைத்துவிடுகின்றன. மணிமேகலையையும் வீரசோழியத்தையும் தந்த மொழியினர்க்கு இது வியப்பாதல் கூடாது.

ஆய்வுத்தொழிலிலே பதறாமை எவ்வாறிருக்கும் என்பதற்கு இரு உதாரணங்களை நம் நாட்டு வரலாற்றியலே தருகின்றது. திரியாய்க் கல்வெட்டைப் பதிப்பித்த பரணவிதான, தொல்லியல் ஆணையாளராகவும் பின்னர்ப் பேராதனையிற் பேராசிரியராகவும் விளங்கிய பேரறிஞர். அவரே தம் இறுதிக் காலத்தில், பழைய கல்வெட்டுகளின் வரிகளுக்கிடையே வேறு எழுத்துகள் மறைந்துள்ளன எனக் கூறி, பிறர் கண்ணுக்குப் புலப்படாத அவ்வாசிப்புகளைக் கொண்டு 1966இல் இலங்கை–மலேசியத் தொடர்பு பற்றிப் பெருநூல் எழுதினார். அதனை எள்ளி நகையாடுதலும், பெருமதிப்புக் கருதி மௌனமாயிருத்தலும் எளிய வழிகளாக இருந்தன. அப்போது இளைஞராயிருந்த ஆர். ஏ. எல். எச். குணவர்தன இரண்டையும் தவிர்த்தார். 1967இல் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழிலே, அந்நூலின் சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து, முடிபுகள் நிலைபெறமாட்டா எனக் காட்டினார். மதிப்பும் மறுப்பும் ஒரே கட்டுரையில் இயலும் என்பதற்கு அது சான்று. பரணவிதானவின் இறுதிக்கால நூல்களை மறுப்பதற்காக அவரது திரியாய்ப் பதிப்பையும் தள்ளிவிடுதல் மற்றொரு பதற்றமாகும் என்பதையும் இங்குச் சேர்த்துக் கூறவேண்டும்.

இரண்டாவது உதாரணம் பேராசிரியர் கா. இந்திரபாலா. இலங்கையில் திராவிடக் குடியேற்றங்கள் பற்றி 1965இல் இலண்டனிலே அவர் சமர்ப்பித்த ஆய்வேடு, தமிழர் குடியேற்றத்தின் தொன்மையை மிகப் பிற்காலத்ததாகக் கொண்டது. அதனால் தமிழர் பலரின் கண்டனத்துக்கு ஆளானார். கண்டனத்துக்கு அஞ்சி அவர் மாறவுமில்லை; கண்டனத்தை வெறுத்துப் பழைய நிலையிலேயே ஊன்றவுமில்லை. தொல்லியற் சான்றுகள் பெருகியபின், 2005இல் வெளியிட்ட நூலில், தம் பழைய முடிபுகள் காலங்கடந்தவை எனக் கூறி, தமிழரும் சிங்களவரும் பொதுவான முன்னோரிலிருந்து இணையாக உருப்பெற்றமையை விளக்கினார். வரலாறு தவறாகப் பொருள்கொள்ளப்பட்டமையால் உயிரிழந்த நிரபராதிகளுக்கு அந்நூலை அவர் காணிக்கையாக்கியமை இக்கட்டுரையின் நோக்குக்கு மிக நெருக்கமானது. நாற்பது ஆண்டு இடைவெளி தயக்கமன்று; பரல் பார்த்தலுக்கு எடுத்த காலம்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம், எழுப்பப்படவும் வேண்டும். நிதானம் வலியவர்க்கு இயலும். நிலம் பறிபோகும் நிலையிலுள்ளவன் கல்வெட்டின் பன்மை விகுதியை ஆராய்ந்துகொண்டிருத்தல் கூடுமா? திரியாய் மக்களின் வரலாறு இவ்வினாவைக் கூர்மையாக்குகின்றது. 1985இல் அவ்வூரின் வீடுகள் எரியுண்டன, உயிர்கள் பறிபோயின, மக்கள் ஊரைவிட்டு நீங்கினர். திரும்பி வந்தோர் பாழடைந்த வயலிலிருந்தே மீளத் தொடங்கவேண்டியிருந்தது. 2020 யூன் மாதத்திலே, கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமை முகாமைத்துவத்துக்கென ஒரு சனாதிபதி செயலணி நிறுவப்பட்டபோது, தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் அம்மாகாணத்துக்கான அச்செயலணியிலே தொடக்கத்தில் அவ்விரு சமூகத்தவர் ஒருவரேனும் இடம்பெறவில்லை. சோதனைப் பொறுப்பு ஒரு தரப்பிடமே விடப்பட்டமையைச் சிலப்பதிகாரத்திற் கண்ட நமக்கு, இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. இத்தகைய நிலையிலே பொறுமை என்பது பணிந்துபோதலுக்கு மறுபெயராகிவிடாதா?

இத்தடைக்கு விடை கண்ணகியிடம் உண்டு. அவள் பொறுமையோடு அரசவைக்குச் செல்லவில்லை. தலைவிரி கோலத்தோடும் கண்ணீரோடும் சினத்தோடும் செல்கின்றாள். ஆயின் அவள் கையில் ஒற்றைச் சிலம்பு இருக்கின்றது. தன் ஊரும் குலமும் பெயரும் கூறுகின்றாள். வேறுபடுத்தும் அடையாளம் எதுவென்பதை, உடைப்பதற்கு முன்னரே உரைக்கின்றாள். அவளது சினம் அவளது சான்றைக் குலைக்கவில்லை. தேர்ந்து உரைத்தல் என்பது சினமின்மையன்று. சினத்தின் கையில் சான்றைக் கொடுத்தலேயாகும். அந்தச் சான்றை அரசன் காலத்தோடு கேளாமையால் மதுரை எரிந்தது. தீக்கு இலக்காகாதவர் யார் யாரென அவள் வகுத்துக் கூறியும், எரிந்தது நகரமே. முறைகேடான தீர்ப்பின் விலையை அதனை வழங்கியவன் மட்டும் செலுத்துவதில்லை என்பதே மதுரைக் காண்டத்தின் கசப்பான உண்மை.

எனவே, திரியாய் பற்றிப் பேசவும் எழுதவும் புகுவோர் இரண்டு வினாக்களைப் பிரித்தறிதல் இன்றியமையாதது. 8ஆம் நூற்றாண்டளவிலே அக்குன்றின்மீது வழிபட்டோர் யாவர் என்பது ஒரு வினா. இன்று அக்குன்றைச் சூழ்ந்த வயலை உழுவதற்கு உரிமையுடையோர் யாவர் என்பது மற்றொரு வினா. முன்னதற்கு விடை கல்லிலும் அகழ்விலும் உண்டு. பின்னதற்கு விடை காணி உறுதியிலும், குளத்தின் பெயரிலும், தலைமுறை தலைமுறையாகச் செய்த வேளாண்மையிலும், இடப்பெயர்வின் பதிவுகளிலும் உண்டு. கடலோடி வந்த வணிகரின் பக்தி இன்றைய உழவரின் உரிமைக்கு எதிர்ச்சான்றாகாது. இன்றைய உழவரின் உரிமையைக் காக்கும்பொருட்டு அவ்வணிகரின் பௌத்தத்தை மறுக்கவேண்டியதும் இல்லை. இரு வினாக்களையும் ஒன்றாக்கிக் குழப்புவோரிடம் நாமும் அதே குழப்பத்தால் விடையிறுப்போமாயின், அவர்கள் வகுத்த களத்திலேயே தோற்றவராவோம்.

பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்க்கு இதனாற் பெறப்படும் கடமை தெளிவானது. கல்வெட்டைப் பற்றிப் பிறர் கூறுவதைக் கேட்டுக் கொதிப்பதற்கு முன், அதன் பதிப்பை எடுத்துப் படித்தல் வேண்டும். கிரந்த எழுத்தைக் கற்போர் நம்மிடையே பெருகுதல் வேண்டும். திரியாய் போன்ற ஊர்களின் குளப்பெயர், வயற்பெயர், வாய்மொழி வரலாறு என்பவற்றை முதியோர் உள்ளபோதே திரட்டி வைத்தல் வேண்டும். இவை ஆரவாரமற்ற பணிகள். ஆயின் மன்றிலே வழக்கு எழும் நாளில் கையிலிருக்கும் சிலம்பு இவையே. பாண்டியனுக்கு அறிவு இருந்தது, நல்லுள்ளமும் இருந்தது, சோதனைக்கு வழியும் இருந்தது. முதலிற் செய்யவேண்டியதை அவன் பின்னே செய்தான். அவ்வரிசையைத் திருத்திக்கொள்ளுதல் எத்தொழிலார்க்கும் இயலும். கல்லையும் நூலையும் தொழிலாகக் கொண்டோர்க்கு அது கடமையுமாகும்.